மரண அறிவித்தல் வரலாறாகுமா?

தம் பாட்டனார் எந்த ஊரிலிருந்து வந்தார், எந்த ஆண்டில் வந்தார், யார் அழைத்து வந்தார்கள் என்று அறியும் ஆவல் நம் மக்களிடையே மிகுந்து வருகிறது. பெட்டியின் அடியில் கிடந்த பழைய கடப்பிதழை எடுத்துத் தூசி தட்டுகிறார்கள். சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் மின்வடிவில் வைத்திருக்கும் பழைய பத்திரிகைகளில் தாத்தாவின் பெயரைத் தேடுகிறார்கள். தேடிக் கிடைத்ததைத் தொகுத்து, குடும்ப விழாக்களில் சிறு நூலாக வெளியிடுவோரும் உளர். வந்த வழி மறவாத இந்த ஆவல் பாராட்டுதற்குரியது.

ஆயினும், இத்தகைய குடும்ப வரலாறுகளைப் படிக்குங்கால் ஓர் ஐயம் எழுகிறது. அச்சில் வந்தது ஒன்று கிடைத்துவிட்டால், அது மெய்தானா என்று கேட்கும் வழக்கம் நம்மவரிடம் குறைவாக இருக்கிறது. 'பத்திரிகையில் இப்படித்தான் போட்டிருக்கிறது' என்பதே முடிவான தீர்ப்பாகிவிடுகிறது. முத்திரை குத்திய அரசாங்கத் தாளாக இருந்தாலோ, கேட்கவே வேண்டியதில்லை. இலக்கியத்தில் ஒரு சொல்லுக்கு இரண்டு பாடம் இருந்தால் இரவெல்லாம் வாதாடும் நாம், நம் சொந்தப் பாட்டனாரின் வயதுக்கு இரண்டு பாடம் இருக்கும்போது ஏன் வாய்மூடி இருக்கிறோம்? பழைய அறிவித்தல்களும் பதிவேடுகளும் எந்த அளவுக்கு நம்பத்தக்கவை, அவற்றை எவ்வாறு படித்தல் வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இஃது ஓய்வு நேரத்துப் பொழுதுபோக்கு மட்டுமன்று. மலேசிய அரசியலமைப்பின்படி, 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 அக்டோபருக்கு முன்வரை மலாயாக் கூட்டரசில் பிறந்தவர் பிறந்த காரணத்தாலேயே குடிமகனாவார். அதற்குப் பின் பிறந்தவர்க்குப் பெற்றோரின் நிலையும் கேட்கப்படும். ஆகவே ஒரு பிறந்த தேதியும், ஒரு பிறந்த இடமும், ஒரு தாயின் பெயரும் சரியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்பது பேரப்பிள்ளைகளின் வாழ்வு வரைக்கும் நீளும் செய்தி. ஏட்டில் ஓர் எழுத்து மாறினால் என்ன என்று கேட்பவர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஏடு ஒப்பிடும் முறை

1887ஆம் ஆண்டு நமக்கு இரு வகையில் நினைவுகொள்ளத் தக்கது. அவ்வாண்டில்தான் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சிட்டு வெளியிட்டார். அதே ஆண்டில்தான் சிங்கப்பூரில் 'சிங்கை நேசன்' என்னும் தமிழ் வார இதழ் தோன்றியது. பழைய ஏடுகளைத் தேடி ஒப்பு நோக்கும் தொழில் அங்கே உச்சம் பெற்ற அதே காலத்தில், பிற்காலத்தார் ஒப்பு நோக்க வேண்டிய புதிய ஏடுகள் இங்கே அச்சாகிக்கொண்டிருந்தன.

ஐயரவர்கள் ஒரே ஏட்டை நம்பிப் பதிப்பித்தாரல்லர். பல ஊர்களிலிருந்து பல பிரதிகளைச் சேர்த்தார். எழுதுவோர் செய்த பிழை எது, செல்லரித்ததால் நேர்ந்த குறை எது, இடையே ஒருவர் சேர்த்த சரக்கு எது என்று பிரித்தறிந்தார். அந்த முறையையே குடும்ப வரலாற்றுக்கும் கொள்ளுதல் வேண்டும் என்பது என் கருத்து. ஓர் அறிவித்தலோ பதிவேடோ கைக்கு வந்தவுடன் மூன்று கேள்விகள் கேட்கலாம். இதனை எழுதியவர் யார்? யார் பார்ப்பதற்காக எழுதினார்? எதனை எழுதாமல் விட்டார்? இம்மூன்றையும் கேட்காமல் எழுதும் குடும்ப வரலாறு, ஒரே ஏட்டை வைத்துக்கொண்டு பதிப்பித்த நூலைப் போன்றதே.

பத்திரிகை அறிவித்தல்

முதலில் மரண அறிவித்தலை எடுத்துக்கொள்வோம். கோலாலம்பூரில் 1924இல் தொடங்கி 2019 ஜனவரி இறுதிவரை வெளிவந்த 'தமிழ் நேச'னிலும், சிங்கப்பூரில் 1935இல் கோ. சாரங்கபாணியார் தொடங்கிய 'தமிழ் முர'சிலும் இவ்வகை அறிவித்தல்களைக் காணலாம். இறந்தவரின் பெயர், ஊர், வயது, மக்கள், மருமக்கள், கருமாதி நாள் என்று ஒரு குறிப்பிட்ட அச்சில் வார்த்தது போலவே பெரும்பாலும் இருக்கும்.

இதனை எழுதியவர் இறந்தவர் அல்லர். கட்டணம் செலுத்திய மகனோ மருமகனோதான் எழுதுகிறார். யார் பார்ப்பதற்கு? உறவினரும், சம்பந்தி வீட்டாரும், உடன் உத்தியோகம் பார்ப்பவர்களும் பார்ப்பதற்கு. எனவே அஃது இறந்தவரைப் பற்றிச் சொல்வதைவிட, உயிரோடிருப்பவர் தம்மை எவ்வாறு காட்டிக்கொள்ள விரும்பினார் என்பதை மிகுதியாகச் சொல்லும். எந்த மகனின் உத்தியோகம் குறிக்கப்பட்டது, எவனுடைய பெயர் மட்டும் தனித்து நிற்கிறது, எந்த மருமகன் முதலில் வருகிறார் என்பவற்றைக் கூர்ந்து பார்த்தால், அக்குடும்பத்தின் ஏற்றத்தாழ்வு வெளிப்படும்.

அறிவித்தலின் வினைச்சொல் ஒன்றே நமக்குப் பெரிய சான்று. 'சிவபதம் அடைந்தார்' என்றால் சைவக் குடும்பம். 'வைகுண்ட பதவி அடைந்தார்' என்றால் வைணவம். 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்றும், 'வபாத்தானார்' என்றும் வருவன சமயத்தை வெளிப்படையாகவே கூறுவன. 'காலமானார்' என்பது பொதுச்சொல். 'இயற்கை எய்தினார்' என்று ஒரு குடும்பம் எழுதுமானால், அங்கே சீர்திருத்தக் காற்று வீசியிருக்கிறது என்று கொள்ளலாம். ஒரே குடும்பத்தில் தந்தை சிவபதம் அடைந்து, மகன் இயற்கை எய்தியிருந்தால், அந்த இரண்டு வினைச்சொற்களுக்கும் நடுவே ஒரு தலைமுறையின் மனமாற்றம் அடங்கிக் கிடக்கிறது. இதனைப் பிறப்பு இறப்புப் பதிவேடு ஒருபோதும் சொல்லாது. இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி வேறு எது?

பெயரின் பின்னே நிற்கும் சாதிப் பட்டமும் அவ்வாறே. பெரியார் 1929 இறுதியில் மலாயாவுக்கு வந்தார். 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. இவற்றின் பயனாய்ப் பட்டத்தைக் கைவிட்டோர் பலர். ஆகவே பழைய தாளில் பட்டத்தோடும், பிந்திய தாளில் பட்டமின்றியும் ஒரே பெயர் வருமாயின், இருவர் என்று அவசரப்பட்டு முடிவு கட்டலாகாது. ஒருவரே தம் கொள்கையால் பெயரைச் சுருக்கிக்கொண்டிருக்கலாம். அப்பட்டத்தை அறிவித்தலில் மீண்டும் ஒட்டவைத்தவர் பிள்ளைகளாகவும் இருக்கலாம். இன்றைய குடும்ப வரலாறுகளில், பாட்டனார் விட்ட பட்டத்தைப் பேரன் எடுத்துச் சூட்டும் விந்தையையும் காண்கிறோம். இறந்தவர் தாமே தேர்ந்துகொண்ட பெயரை மாற்ற நமக்கு என்ன உரிமை?

எல்லாவற்றிலும் முக்கியமானது, அறிவித்தல் யாருக்கு வரவில்லை என்பது. அரசாங்க உத்தியோகத்திலும் இரயில்வேயிலும் இருந்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்தார் ஆங்கில நாளேடுகளில் அறிவித்தல் கொடுத்தனர். இலங்கைப் பத்திரிகைகள் இதனை எடுத்து வெளியிடுக என்ற குறிப்பும் அவற்றில் இடம்பெறுவதுண்டு. கடைக்காரரும் கிராணிமாரும் தமிழ் ஏடுகளில் கொடுத்தனர். பால் மரம் வெட்டியவருக்கு யார் கொடுத்தார்? அன்று மாலையே தோட்டத்துச் சுடுகாட்டில் காரியம் முடிந்தது. அறிந்தவர் எல்லாம் லயத்திலேயே இருந்தனர். எனவே பத்திரிகையை மட்டும் வைத்து மலாயாத் தமிழர் வரலாற்றை எழுதினால், கட்டணம் செலுத்த முடிந்தவர்களின் வரலாறுதான் கிடைக்கும்.

அரசாங்கப் பதிவு

அரசாங்கப் பதிவு விருப்பு வெறுப்பற்றது என்பர் சிலர். அதையும் ஒரு மனிதர்தான் எழுதினார் என்பதை மறந்துவிடுகிறார்கள். நம் பாட்டியார் தமிழில் வாயால் சொன்ன பெயரை, மேசைக்கு அப்பால் இருந்தவர் தம் காதுக்கு எட்டியபடி ஆங்கில எழுத்தில் எழுதினார். ஆங்கில எழுத்தில் லகர ளகர ழகர வேறுபாடு ஏது? வள்ளியும் வல்லியும் அங்கே ஒருத்தியே. கண்ணனும் கன்னனும் ஒருவனே. பழனி என்பவர் திரும்பித் தமிழுக்கு வரும்போது பலனியாகவும் பளனியாகவும் வருகிறார். ராமசாமி என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து வகையாக எழுத்துக்கூட்டியிருப்பதைக் காணலாம். எனவே எழுத்து வேறு, ஆள் வேறு என்ற முடிவும், எழுத்து ஒன்று, ஆளும் ஒன்று என்ற முடிவும் ஒருங்கே தவறாகக்கூடும்.

வயதும் அத்தகையதே. அறிவித்தலில் வயது கூடும்; நிறைவாழ்வு வாழ்ந்தார் என்பது குடும்பத்துக்குப் பெருமை. வேலை சம்பந்தப்பட்ட தாளில் வயது குறையும். முதியவர் என்றால் பெயர் செக்ரோலிலிருந்து போய்விடுமோ என்ற அச்சம். முப்பது, நாற்பது, அறுபது என்று முழு எண்ணாக வரும் வயதெல்லாம் உத்தேசம் என்றே கொள்ளத் தக்கது. பிறந்த தேதி தெரியாதவருக்கு ஜனவரி முதல் நாளைக் குறித்துவிட்ட தாள்களையும் நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

ஊர்ப் பெயரிலும் கவனம் வேண்டும். கேட்டவர்க்குத் தெரிந்திருக்கட்டும் என்று தம் சிற்றூரை விட்டுப் பக்கத்துப் பெரிய ஊரைச் சொன்னவர் பலர். 'சேலம் ஜில்லா' என்று பழைய தாளில் கண்டவுடன் இன்றைய சேலத்துக்குப் போய்த் தேடுபவர் ஏமாறுவார். பழைய சேலத்திலிருந்து தர்மபுரி 1965இலும், நாமக்கல் 1997இலும் தனி மாவட்டங்களாயின. நம் நாட்டிலும் பெயர்கள் மாறின. போர்ட் சுவெட்டன்ஹாம் 1972இல் போர்ட் கிள்ளான் ஆயிற்று. தெலுக் அன்சன் 1982இல் தெலுக் இந்தான் ஆயிற்று. தோட்டங்களுக்கோ, கம்பெனி ஏட்டில் ஒரு பெயரும் நம் மக்கள் வாயில் வேறொரு பெயரும் உண்டு. இவ்விரண்டையும் இணைத்துச் சொல்லத் தெரிந்த முதியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

நேட்டாலும் மலாயாவும்

இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு பயன்படும். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியருள் தமிழர் மிகப் பலர். சென்னையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' என்ற கப்பல் 1860 நவம்பர் 16இல் அங்கே சேர்ந்தது. 1911 வரை சென்ற 152,184 பேருக்குக் கப்பல்வாரியாகப் பட்டியல் உண்டு. ஆளுக்கு ஓர் எண், பெயர், தந்தை பெயர், வயது, ஜில்லா, தாலுக்கா, கிராமம் என்று வரிசையாக எழுதி வைத்தார்கள். மொரீசியசில் இத்தகைய பதிவுகளோடு புகைப்படங்களும் உள்ளன. அங்குள்ள பேரன் ஓர் எண்ணைக் கொண்டே தன் பாட்டனின் கிராமத்தைக் கண்டுபிடித்துவிட முடிகிறது.

மலாயாவின் கதை வேறு. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் இங்கே நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே கங்காணி முறை வலுப்பெற்றிருந்தது. 1907இல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதியிலிருந்து கப்பல் செலவு கொடுக்கப்பட்டது. கங்காணி தன் ஊருக்குப் போனான், உற்றார் உறவினரையும் அக்கம்பக்கத்தாரையும் சேர்த்தான், ஆவடி அல்லது நாகப்பட்டினத்து முகாமுக்கு அழைத்து வந்தான், கப்பலேற்றினான். இங்கே பினாங்குக்கு அருகே ஜெரெஜாக் தீவிலும், சிங்கப்பூரை அடுத்த செயின்ட் ஜான்ஸ் தீவிலும், போர்ட் சுவெட்டன்ஹாமிலும் தனித்து வைத்து நோய் பார்த்தபின் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். 1938இல் இந்திய அரசாங்கம் தடை விதிக்கும்வரை இது நடந்தது.

இதில் ஒரு முரண்பாடு இருப்பதை நோக்குக. ஒப்பந்தத்தால் கட்டுண்டவனை முதலாளி கண்காணிக்க வேண்டியிருந்தது. ஆகவே அவனைப் பற்றி ஏராளமாக எழுதி வைத்தான். 'சுதந்திரக் கூலி' என்று சொல்லப்பட்ட நம் பாட்டனாரையோ கங்காணியின் கடனும் உறவுமே கட்டிப்போட்டன. அதற்கு ஏடு தேவைப்படவில்லை. இத்தனை ஆயிரம் பேர் வந்தனர், இத்தனை ஆயிரம் பேர் திரும்பினர் என்று தொகை கணக்கிட்டார்கள். நேட்டாலைப் போல ஆளுக்கு ஆள் தொடர்ந்து வரும் வரிசை நமக்கு வாய்க்கவில்லை. அதனால்தான் இங்குள்ள ஆராய்ச்சியாளன் ஒரு பதிவேட்டைப் புரட்டி வேலையை முடித்துவிட முடியாது. சிதறிக் கிடக்கும் பல துண்டுகளை ஒப்பிட்டே ஆகவேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

முறையை விளக்குதற்குக் கற்பனையாக ஒரு குடும்பத்தைக் கொள்வோம். 1961இல் வந்த அறிவித்தல், ராமசாமி என்பவர் தம் 85ஆம் வயதில் காலமானார் என்கிறது. 1948இல், அவசரகாலத்தில் நாட்டாருக்குக் கொடுக்கப்பட்ட அடையாள அட்டையில் அவர் வயது 60. மூத்த மகனின் பிறப்புப் பத்திரம் 1919இல் பேராக்கில் ஒரு தோட்டத்தில் பிறந்ததாகக் கூறுகிறது. வீட்டார் சொல்வது: தாத்தா தாது வருஷத்தில் பிறந்தவர், ராஜூலா கப்பலில் வந்தவர்.

அறிவித்தலின்படி பிறப்பு 1876. அடையாள அட்டையின்படி 1888. தாது வருஷம் 1876-77இல் வந்தது. அறுபதாண்டுச் சுழற்சியில் மீண்டும் 1936-37இல் வந்தது. ஆகவே தாது என்ற பெயர் 1876ஐ உறுதிப்படுத்துவதாகத் தோன்றும். இங்கேதான் நின்று யோசிக்க வேண்டும். தாது வருஷப் பஞ்சம் தமிழகமெங்கும் பேசப்பட்ட கொடிய பஞ்சம். அதில் தப்பிப் பிழைத்த ஒரு தாய், தன் பிள்ளைகளுக்கு அதை ஓயாமல் சொல்லியிருப்பாள். பஞ்சத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, பேரப்பிள்ளைகளின் நினைவில் பஞ்சத்தில் பிறந்த பிள்ளையாக மாறிவிடுவது இயல்பு. பின்பு அறிவித்தலை எழுதிய மகன், அந்த வருஷத்தைக் கொண்டே வயதைக் கணக்கிட்டிருக்கக் கூடும். அப்படியானால் அறிவித்தலும் குடும்ப வழக்கும் இரண்டு சான்றுகள் அல்ல. ஒரே சான்றின் இரண்டு பிரதிகள். ஒன்றைப் பார்த்து எழுதிய இரண்டு ஏடுகளை இரண்டு சாட்சியாக எண்ணலாகாது என்பது பதிப்பாசிரியர் அனைவரும் அறிந்த விதி.

ராஜூலாவைப் பார்ப்போம். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் அந்தக் கப்பல் 1926இல் கட்டப்பட்டது. மூத்த மகன் 1919இலேயே பேராக்கில் பிறந்துவிட்டான். ஆகவே ராமசாமி முதன்முதலில் ராஜூலாவில் வந்திருக்க இயலாது. அப்படியானால் வீட்டார் சொல்வது பொய்யா? அன்று. ஊருக்குப் போய்த் திரும்பி வருவது அக்காலத் தொழிலாளரிடையே வழக்கம். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்த இரண்டாம் பயணம் ராஜூலாவில் நிகழ்ந்திருக்கலாம். அந்தப் பயணத்தைக் கண்ணால் கண்டவர்கள் பிள்ளைகள். எனவே அதுவே குடும்ப நினைவில் தங்கிற்று. வாய்மொழியைத் தள்ளிவிடாமல், அதற்கு உரிய இடத்தைக் கண்டு அங்கே வைப்பதே திறனாய்வு.

முடிவாக என்ன எழுதலாம்? 'ராமசாமி 1880களின் பிற்பகுதியில் பிறந்திருத்தல் கூடும். 1919க்கு முன் மலாயாவுக்கு வந்தார். 1926க்குப் பின் ஒருமுறை ஊர் சென்று திரும்பியிருக்கலாம்' என்று எழுதலாம். '1876இல் பிறந்து ராஜூலாவில் வந்தார்' என்பதைக் காட்டிலும் இது பார்வைக்குச் சிறியதாக இருக்கலாம். ஆனால் அடுத்த தலைமுறை இதன்மீது மேலும் ஒரு கல் வைத்துக் கட்டலாம். மற்றதன்மீது கட்டினால் சரிந்துவிடும்.

பாட்டியின் பெயர் எங்கே?

குடும்ப வரலாற்று நூல்களில் நான் காணும் பெருங்குறை வேறொன்று. தந்தை, பாட்டன், பூட்டன் என்று மூன்று தலைமுறை ஆண்களின் பெயர் ஒழுங்காக ஏறிவரும். மனைவியர் பெயர் இடையே காணாமற்போகும். 'மனைவியையும் ஐந்து மக்களையும் விட்டுச் சென்றார்' என்று அறிவித்தல் எழுதிவிட்டது; நூலாசிரியரும் அதையே எடுத்து எழுதிவிட்டார். நம் நாட்டுத் தாள்களில் பெயருக்குப் பின் வரும் 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரம்புவான்' என்பனவும் தந்தையின் பெயரையே தாங்கி நிற்பன.

ஆனால் அந்தப் பெண்ணின் பெயர் அடியோடு அழிந்துவிடவில்லை. கணவனின் மரண அறிவித்தலில் அவளைத் தேடினால் கிடைக்கமாட்டாள். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களில் தாய் என்ற கட்டத்தில் இருப்பாள். ஒவ்வொரு பிள்ளையின் பத்திரத்திலும் ஒவ்வொரு வகையாக எழுத்து மாறி இருப்பாள். அவ்வனைத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால் வள்ளியா வல்லியா என்பது தெளிவாகும். விடியுமுன் பெரட்டுக்குப் போய், கைக்குழந்தையை ஆயக்கொட்டகையில் விட்டு, ஆண்களுக்கு நிகராகப் பால் எடுத்தவள் அவள். தோட்டத்துச் செக்ரோலில் கூலிக் கணக்குக்காகவேனும் அவளுக்கு ஒரு வரி இருந்தது. கூலிக் கணக்கன் கொடுத்த ஒரு வரியைக்கூட அவள் வயிற்றில் வழிவந்த பேரன் தன் நூலில் கொடுக்கவில்லை எனில், அக்குறையைப் பழைய பத்திரிகையின் மீது ஏற்றுவது நியாயமாகாது.

பட்டியலில் நிற்கும் தொழிலாளி

தோட்டத் தொழிலாளிக்குப் பத்திரிகையில் இடமே இல்லையா? உண்டு, ஆனால் நாம் தேடாத பக்கத்தில் இருக்கிறது. கோயில் திருப்பணி, பள்ளிக் கட்டடம், வெள்ள நிவாரணம் என்று எதற்கு நிதி திரட்டினாலும் கொடுத்தவர் பெயரை வெளியிடுவது பத்திரிகைகளின் வழக்கம். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு உரிய இடம் வேண்டுமென்று சாரங்கபாணியார் 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டியபோது, தோட்டத்துப் பாட்டாளிகளும் தம் கூலியிலிருந்து கொடுத்தார்கள். 1956இல் இந்திய இயல் துறை அப்பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இறந்தபோது அறிவித்தல் பெறாத ஒருவர், தமிழுக்குக் காசு கொடுத்த காரணத்தால் நன்கொடைப் பட்டியல் ஒன்றில் இடம்பெற்றிருக்கலாம். தேடுபவர்கள் மரணப் பக்கத்தோடு நின்றுவிடாமல், பட்டியல்களையும் விபத்துச் செய்திகளையும், 'காணவில்லை' அறிவிப்புகளையும், பெயர் மாற்ற அறிவிப்புகளையும் பார்த்தல் வேண்டும்.

ஒன்று கூறவேண்டும். மின்வடிவ ஏடுகளில் பெயரைத் தட்டிய மாத்திரத்தில் கிடைக்கவில்லையென்றால் இல்லை என்று பொருளன்று. தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் ஏற்குமுன் ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகிய எழுத்துகளுக்கு வேறு வடிவம் இருந்தது. மங்கிய அச்சையும் அவ்வடிவங்களையும் இயந்திரம் தவறாகப் படிப்பது இயல்பே. தோட்டத்தின் பெயரையும் மருமகனின் பெயரையும் கொண்டு தேடலாம். அதற்கும் அகப்படாவிடில் தாள் தாளாகக் கண்ணால் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இனி, எந்தப் பக்கத்திலும் கிடைக்காதவரும் உளர். 1942-43இல் சயாம்-பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாதவர்களுக்கு அறிவித்தலும் இல்லை, இறப்புப் பத்திரமும் இல்லை. காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்வீரர்களுக்குப் பெயர் பொறித்த கற்கள் வரிசையாக நிற்கின்றன; மாண்ட நம் தொழிலாளர்க்கு அவ்வாறு ஆளுக்கு ஒரு கல் இல்லை. 1942க்குப் பின் ஒரு பெயர் எல்லாத் தாள்களிலிருந்தும் மறைந்துபோனால், அந்த மறைவையே ஒரு செய்தியாக நூலில் எழுதி வைத்தல் வேண்டும். 'பின்னர் செய்தி இல்லை' என்ற மூன்று சொற்களை நாணாமல் எழுதுபவனே நேர்மையான வரலாற்றாசிரியன். அவ்விடத்தில் ஓர் அழகிய கதையை இட்டு நிரப்புவது மாண்டவருக்குச் செய்யும் மரியாதையாகாது.

நம் கையில் உள்ள ஏடு

ஆசிரியர்களாகிய நம்மிடமே ஓர் ஏடு இருக்கிறது. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி செல்லும் வயதுடைய பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. அப்பள்ளிகளில் மாணவர் சேர்க்கைப் பதிவேடு எழுதப்பட்டது. தமிழ் தெரிந்த ஒருவர், தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டுப் பெரும்பாலும் பிழையின்றி எழுதிய ஏடு அது. பிள்ளையின் பெயர், தகப்பனார் பெயர், எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது, எந்த நாளில் விலகியது என்னும் விவரங்கள் அதில் உண்டு. அதிலும் பிறந்த தேதியை ஆசிரியரே உத்தேசமாகக் குறித்திருப்பார் என்பதை மறக்கலாகாது. ஆயினும் ழகர ளகரம் பிழையாமல் நம் மக்கள் பெயரைக் காத்த ஏடு அதுவே.

அந்த ஏடுகளுக்கு இன்று ஆபத்து வந்திருக்கிறது. தோட்டங்கள் கைமாறி வீட்டுமனைகளாகின்றன. செக்ரோல் புத்தகங்கள் ஆபீசு மூடியபோதே போயின. பள்ளிகள் இடம் மாறும்போது, பழைய அலமாரியில் கிடக்கும் கறையான் அரித்த பதிவேட்டைக் குப்பையென்று எண்ணிவிடுவார்கள். தலைமையாசிரியர்கள் இவற்றை எடுத்து உலர்த்திப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் பாதுகாத்தல் வேண்டும். தனியார் விவரங்களை ஊரறிய வெளியிட வேண்டியதில்லை. உரிமையுள்ள பேரப்பிள்ளை வந்து கேட்கும் நாளில் எடுத்துக் கொடுக்கும்படி இருந்தால் போதும். தோட்டத்தின் கம்பெனிப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் அருகருகே எழுதி வைப்பதும் பெரிய உதவியாகும்.

மரண அறிவித்தல் வரலாறாகுமா என்று கேட்டோம். தனித்து ஆகாது. பிறப்புப் பத்திரத்தோடும் பள்ளி ஏட்டோடும் வீட்டு வாய்மொழியோடும் ஒப்பிட்டு, முரண்படும் இடங்களை மறைக்காமல் எழுதினால் ஆகும். இனி ஒரு குடும்ப வரலாறு நம் கைக்கு வருமாயின், அதில் எத்தனை பெரியவர்களின் படம் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். முதலில் கப்பலேறி வந்தவளின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்போம். அப்பெயரை எந்தத் தாளிலிருந்து எடுத்தார்கள் என்று கேட்போம். இவ்விரு கேள்விக்கும் விடை தரும் நூலே நம் மாணவர் கையில் கொடுக்கத் தக்க நூல்.